ஒரே ஒரு வசனத்தை வைத்து ஆங்கில பைபிளின் ஆரம்பக் கதையைப் படிப்பது எப்படி

ஆங்கில பைபிள் எப்படி உருவானது என்று தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு பட்டியலில்தான் போய் நிற்போம். விக்லிஃப், டின்டேல், கவர்டேல், ஜெனீவா, கிங் ஜேம்ஸ். பக்கத்தில் வருடங்கள், நடுவில் இரண்டு மூன்று பேரை எரித்த கதை. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் யாராவது டின்டேலுக்கும் கவர்டேலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். நானும் அப்படி முழித்தவன்தான்.

எனக்குக் கைகொடுத்த வழி வேறு. வருடங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற பழைய பதிப்பு ஒவ்வொன்றிலும் அந்த இடத்தைத் திறந்து பார்ப்பது. யார் எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தார், யாரைப் பார்த்து எழுதினார், யாரிடமிருந்து கடன் வாங்கினார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலேயே தெரிய ஆரம்பிக்கும். ஒரு வாரம், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கொடுத்தால் போதும். பழைய ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும்.

எந்த வசனம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன், சில வசனங்கள் எல்லாப் பதிப்பிலும் ஒரே மாதிரி இருந்து வெறுப்பேற்றும். நான் சிபாரிசு செய்வது மத்தேயு 6:11. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று வருகிற வரி. பார்க்க இவ்வளவு எளிமையான வரி, ஆனால் கிரேக்கத்தில் அப்பத்துக்கு அடைமொழியாக வரும் ‘எபியூசியோஸ்’ என்ற சொல் புதிய ஏற்பாடு முழுக்க இரண்டே இடத்தில்தான் வருகிறது, இங்கேயும் லூக்கா 11:3-லும். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர், கிரேக்கர் யாரும் பேச்சில் புழங்காத சொல் இது, சுவிசேஷம் எழுதியவர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றாடத்துக்கானதா, நாளைக்கானதா, உயிர் வாழத் தேவையானதா என்று இன்றுவரை முடிவான பதில் கிடையாது. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ஒரு வேடிக்கை செய்தார். மத்தேயுவில் அதை ‘சூப்பர்சப்ஸ்டான்ஷியாலெம்’ என்று போட்டார், அதாவது எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம். அதே சொல்லை லூக்காவில் ‘கொட்டிடியானும்’, அன்றாட அப்பம், என்று போட்டார். ஒரே மூலச்சொல், ஒரே ஆள், இரண்டு மொழிபெயர்ப்பு. நம் வேலைக்கு இதைவிட நல்ல தூண்டில் கிடைக்காது.

சரி, முதலில் புத்தகங்களைச் சேர்க்க வேண்டும். எல்லாமே காப்புரிமை தாண்டியவை, பழைய பதிப்புகளின் ஸ்கேன்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நிறைய டவுன்லோட் பண்ணிக் குழம்ப வேண்டாம். 1841-இல் லண்டனில் பாக்ஸ்டர் நிறுவனம் ‘இங்கிலிஷ் ஹெக்ஸாப்ளா’ என்று ஒரு தடித்த புத்தகம் போட்டது. மேலே கிரேக்கம், கீழே ஆறு பத்தியில் ஆறு ஆங்கில மொழிபெயர்ப்புகள்: விக்லிஃப், டின்டேல் 1534, கிரேட் பைபிள் 1539, ஜெனீவா 1557, ரெய்ம்ஸ் 1582, கிங் ஜேம்ஸ் 1611. புதிய ஏற்பாடு மட்டும்தான், ஆனால் தொடங்குகிறவருக்கு இது ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். விக்லிஃப்பை ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபோர்ஷாலும் மேடனும் 1850-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட நான்கு தொகுதிகள் உண்டு. முந்திய வடிவமும் பிந்திய வடிவமும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நான் இரண்டிலும் விழுந்தேன். முதலாவது, இன்றைக்குக் கடையிலும் செயலியிலும் ‘கிங் ஜேம்ஸ்’ என்று கிடைப்பது 1611-இன் எழுத்து அல்ல, 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்துக்கூட்டலும் நிறுத்தற்குறிகளும் திருத்தி வெளியிட்ட பதிப்பு. அதை டின்டேலின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எண்பது வருடத்தில் ஆங்கிலம் இவ்வளவு மாறிவிட்டதே என்று நான் வியந்துகொண்டிருந்தேன். மாறியது அச்சுக்காரர்களின் எழுத்துக்கூட்டல்தான். இரண்டாவது, ‘டூவே-ரெய்ம்ஸ்’ என்ற பெயரில் கத்தோலிக்கர்களின் பழைய ஆங்கில பைபிளாக இன்று கிடைப்பது பெரும்பாலும் பிஷப் சாலனர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறையப் புதிதாகவே திருத்தி எழுதியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. அதே ஜெபத்தின் தொடக்கத்தில் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘சாங்டிஃபைட்’ என்று இருந்தால் அது 1582-இன் அசல். ‘ஹாலோவ்ட்’ என்று இருந்தால் சாலனர்.

அப்புறம் எழுத்து. பழைய அச்சைத் திறந்த உடனே பாதிப் பேர் மூடிவிடுவது இங்கேதான். தும்பிக்கை வைத்த பழைய லை, னை வடிவங்களில் தமிழ் படித்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய மலை இல்லை, நாலைந்து பழக்கங்களைத் தெரிந்துகொண்டால் கண் தானாகப் பழகிவிடும். யூ-வும் வீ-யும் அப்போது ஒரே எழுத்தின் இரண்டு உருவம்: சொல்லின் முதலில் வந்தால் வீ உருவம், நடுவில் வந்தால் யூ உருவம். அதனால்தான் ‘கிவ்’ என்ற சொல்லின் நடுவில் யூ இருக்கும், ‘அஸ்’ வீ-யில் தொடங்கும். ஐ-யும் ஜே-யும் அப்படித்தான். எஃப் மாதிரி தெரிவதில் பாதி உண்மையில் நீளமாக எழுதிய எஸ், குறுக்குக்கோடு வலப்பக்கம் தாண்டியிருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உயிரெழுத்தின் தலையில் சின்னக் கோடு இருந்தால் அடுத்து ஒரு என் அல்லது எம் விழுங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அச்சுக்காரர் வரிக்குள் அடக்கக் கையாண்ட உபாயம். விக்லிஃப் பிரதிகளில் 3 மாதிரி ஒரு எழுத்து வரும், அது ‘யோக்’. சொல்லின் தொடக்கத்தில் பெரும்பாலும் ய ஒலி. இத்தனையும் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் செய்யுங்கள்: வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும்.

வசன எண்ணைத் தேடாதீர்கள். ஸ்தெஃபானுஸ் என்று பெயர் பெற்ற ராபர்ட் எஸ்தியென் 1551-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் போட்ட எண்கள்தான் நாம் இன்று பயன்படுத்துவது. ஆங்கிலத்தில் அது முதலில் வந்தது 1557-இன் ஜெனீவா புதிய ஏற்பாட்டில். அதற்கு முந்தினதில் அதிகாரம் மட்டும் இருக்கும், வரி வரியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். மத்தேயு 6-ஐ நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஜெபம் கண்ணில் தானாகப் படும்.

இனி நடக்கலாம். தொடக்கத்திலிருந்து வரிசையாக.

எல்லாரும் விக்லிஃப்பில் ஆரம்பிப்பார்கள், அது தப்பு. அதற்கு அறுநூறு ஆண்டு முன்னமே ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி யோவான் சுவிசேஷத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே 735-இல் உயிரை விட்டார். அவருடைய மாணவர் கத்பர்ட் எழுதிய கடிதம் இருக்கிறது, கட்டாயம் படியுங்கள், இரண்டு மூன்று பக்கம்தான். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வருகிற கட்டத்தில், ‘இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம்’ என்ற வரி வரை பீட் மொழிபெயர்த்ததாக அதில் வருகிறது. மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை, ஒரு வரிகூட. அவருக்கும் முன்னால் விட்பி மடத்து மாடு மேய்ப்பவர் கேட்மன் பாடினாரே என்று கேட்பீர்கள். அவர் பைபிள் கதைகளைப் பாட்டாகக் கட்டியவர், மொழிபெயர்த்தவர் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் வசனம் கையில் கிடைக்கிற முதல் இடம் லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அழகான லத்தீன் பிரதி, இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அதன் வரிகளுக்கு நடுவில், சுமார் 950-970 காலத்தில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் சின்ன எழுத்தில் ஒவ்வொரு லத்தீன் சொல்லின் தலையிலும் ஆங்கிலச் சொல்லை எழுதி வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய வட்டமான லத்தீன் எழுத்து, அதன் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலம். சில இடங்களில் எந்தச் சொல் போடுவது என்று அவருக்கே சந்தேகம், இரண்டு சொல்லை எழுதி நடுவில் ‘அல்லது’ என்று போட்டுவிடுவார். நம் வரியில் அப்பம் ‘ஹ்லாஃப்’, இன்றைய ஆங்கிலத்தில் ‘லோஃப்’ என்று மிச்சமிருப்பது இதுதான். அடைமொழி ‘ஓவெர்விஸ்ட்லிச்’. ‘ஓவெர்’ என்றால் மேல், ‘விஸ்ட்’ என்றால் இருப்பு, பொருள். ஜெரோமின் லத்தீனை அப்படியே துண்டு துண்டாக்கி ஆங்கிலத்தில் அடுக்கியிருக்கிறார். இதை மொழிபெயர்ப்பு என்று சொல்வதைவிட, லத்தீன் படிக்கத் திணறுகிறவருக்கு எழுதிய கோனார் உரை என்று சொல்லலாம்.

அடுத்து, சுமார் 990-இல் வந்த வெசெக்ஸ் சுவிசேஷங்கள். இதில் லத்தீன் கிடையாது, நான்கு சுவிசேஷமும் தனியாக ஆங்கிலத்தில் மட்டும். அதே வரியைத் தேடுங்கள்: ‘யெடைஹ்வாம்லிகன் ஹ்லாஃப்’. பார்க்கப் பயமாக இருக்கிறது, நடுவில் ‘டை’ என்று ஒலிப்பது ‘டே’தான். அன்றாட அப்பம்! ஜெரோமின் மத்தேயுவில் இல்லாத ‘அன்றாட’ எங்கிருந்து வந்தது? ஜெரோமுக்கு முந்திய பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் அப்படித்தான் இருந்தது, கோயிலில் தினமும் சொல்லுகிற ஜெபத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். வாயில் பழகின ஜெபத்தை மாற்ற யாருக்கும் மனம் வராது. நாற்பது வருட இடைவெளிக்குள் இரண்டு பேர், ஒருவர் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறார், இன்னொருவர் காதில் கேட்பதை எழுதுகிறார். இந்த இரண்டு குணமும் இனி 1611 வரை மாறி மாறி வரும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

இந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தடை எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்ஃப்ரட் அரசர் தன் சட்டத் தொகுப்பையே பத்துக் கட்டளைகளின் ஆங்கில வடிவத்தோடுதான் தொடங்கினார். தயக்கம் இருந்தது, அது வேறு. ஆதியாகமத்தை மொழிபெயர்த்த எல்ஃப்ரிக் என்ற துறவி அதன் முன்னுரையில், இதைப் படிக்கிற விவரம் தெரியாதவர்கள் பழைய ஏற்பாட்டுக் காலத்துப் பிதாக்கள் மாதிரியே நாமும் வாழலாம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அவருக்குப் பாடம் சொன்ன ஒரு பாதிரியார், கொஞ்சம் லத்தீன் தெரிந்தவர், யாக்கோபுக்கு நான்கு மனைவிகள், இரண்டு சகோதரிகளும் அவர்களுடைய இரண்டு வேலைக்காரிகளும், என்று சொல்வாராம். சொன்னதில் தப்பில்லை, ஆனால் பழைய சட்டத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கே தெரியவில்லை என்று எல்ஃப்ரிக் நொந்துகொள்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தின எரிச்சல், இன்றைக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

1066-க்குப் பிறகு நார்மன்கள் வந்து பிரெஞ்சு மேலேறி, ஆங்கிலம் எழுத்தில் பின்னுக்குப் போய், மொழியே உருமாறிவிட்டது. சங்கீதங்கள் மாதிரி சில பகுதிகள் வந்தன. நம் வசனத்துக்கு இங்கே பெரிய தீனி இல்லை, தாண்டிப் போகலாம்.

விக்லிஃப் பைபிள் 1380-களில். ஜான் விக்லிஃப் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர், 1384-இல் இறந்தார். அவரே உட்கார்ந்து எவ்வளவு மொழிபெயர்த்தார் என்பதில் சண்டை உண்டு, அவரைச் சுற்றியிருந்தவர்கள் செய்தது என்பதில் இல்லை. கிரேக்கமோ எபிரேயமோ இல்லை, ஜெரோமின் லத்தீன்தான் மூலம். திறந்து பாருங்கள்: ‘ப்ரெட் ஓவர் அதர் சப்ஸ்டன்ஸ்’. மற்ற எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம். ஆல்ட்ரெட் எழுதியது மறுபடியும் வந்துவிட்டது, ஆனால் இவர்கள் ஆல்ட்ரெட்டைப் பார்த்து எழுதவில்லை, அதே லத்தீனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முந்திய வடிவம் எவ்வளவு லத்தீனாக இருக்கும் என்று காட்ட ஆதியாகமம் 1:3-ஐயும் பார்த்துவிடுங்கள். ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்பதற்கு ‘பி மேட் லைட், அண்ட் மேட் இஸ் லைட்’ என்று லத்தீன் சொல்வரிசை அப்படியே இருக்கும். சில வருடத்தில் வந்த பிந்திய வடிவத்தில் ‘லைட் பி மேட், அண்ட் லைட் வாஸ் மேட்’ என்று கொஞ்சம் மூச்சு விடுகிறது.

இங்கேதான் தடை வருகிறது, ஏன் வந்தது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். விக்லிஃப் திருச்சபையின் சொத்தைத் தாக்கினார், அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் ரத்தமுமாக உண்மையிலேயே மாறுகின்றன என்ற போதனையை மறுத்தார். 1381-இல் விவசாயிகள் கலகம் வேறு வெடித்திருந்தது. அவரைப் பின்பற்றிய லொல்லார்டுகள் கையில் ஆங்கில பைபிள் இருந்ததால் புத்தகமே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. 1401-இல் மத விரோதிகளை எரிக்கலாம் என்று சட்டம் வந்தது. பேராயர் அருண்டெல் 1407-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தயாரித்து 1409-இல் வெளியிட்ட விதிகள், பிஷப்பின் அனுமதி இல்லாமல் யாரும் சொந்தமாக மொழிபெயர்க்கவும் கூடாது, விக்லிஃப் காலத்திலோ பிறகோ செய்ததைப் படிக்கவும் கூடாது என்றன. ‘பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது எப்போதுமே குற்றமாக இருந்தது’ என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள், குற்றமானது இந்த வருடங்களில். அப்படியும் சுமார் 250 கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் வேறு எந்த நூலுக்கும் இத்தனை பிரதி இல்லை. அரசர் ஆறாம் ஹென்றியிடமே ஒன்று இருந்தது. விக்லிஃப்பின் எலும்பை 1428-இல் தோண்டி எரித்துச் சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் போட்டார்கள். புத்தகத்தை அப்படிச் செய்ய முடியவில்லை.

அடுத்து வில்லியம் டின்டேல், ஆங்கிலேயப் பாதிரியார். இங்கே அவசரப்படாதீர்கள், மொத்த வாரத்தில் பாதியை இவருக்கே கொடுக்கலாம். 1516-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார், 1522-இல் லூத்தரின் ஜெர்மன் வந்துவிட்டது. டின்டேல் லண்டன் பிஷப் டன்ஸ்டாலிடம் போய் ஆதரவு கேட்டுக் கிடைக்காமல், ஒரு துணி வியாபாரியின் வீட்டில் கொஞ்ச காலம் தங்கி, 1524-இல் கடல் தாண்டினார். 1525-இல் கொலோனில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெய்டு வர, அச்சிட்ட தாள்களை எடுத்துக்கொண்டு ரைன் நதியில் தப்பினார். அந்தக் கொலோன் தாள்களில் மிஞ்சியது ஒரே பிரதி, மத்தேயு 22 வரைதான் இருக்கிறது. நம் அதிகாரம் அதற்குள் வந்துவிடுகிறது, அதிர்ஷ்டம்! 1526-இல் வோர்ம்ஸில் முழுப் புதிய ஏற்பாடும் வந்தது. சட்டைப்பைக்கு அடங்குகிற அளவு, துணி மூட்டைக்குள் வைத்து இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். டன்ஸ்டால் வாங்கி வாங்கி எரித்தார். ஆயிரக்கணக்கில் அச்சிட்டதில் இன்று கிடைப்பது மூன்றே பிரதி, அதில் ஒன்று ஸ்டுட்கார்ட்டில் 1996-இல்தான் கண்ணில் பட்டது.

நம் வரி? ‘கிவ் அஸ் திஸ் டே அவர் டெய்லி ப்ரெட்.’ முடிந்தது. இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிற யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வது இதைத்தான். லத்தீனை விட்டுவிட்டார், கிரேக்கத்தையும் வாயில் பழகின ஜெபத்தையும் பிடித்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எல்லாமே சின்னச் சின்னச் சொல், ‘டெய்லி’ ஒன்றுக்குத்தான் இரண்டு அசை. இந்தக் காது டின்டேலுக்கு வாய்த்த வரம். 1530-இல் வந்த அவருடைய ஐந்தாகமத்தைக் கொஞ்சம் புரட்டினால் இன்னும் பிடிக்கும். யோசேப்பு ‘லக்கி ஃபெல்லோ’. ஏவாளிடம் பாம்பு, ‘டஷ், நீங்கள் சாக மாட்டீர்கள்’ என்று உச்சுக்கொட்டுகிறது. ‘லெட் தேர் பி லைட்’ என்பதும் இவருடையதுதான், விக்லிஃப்பின் ‘பி மேட் லைட்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டின்டேலைப் பற்றின கதைகளைப் படிக்கும்போது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: இதைச் சொன்னது யார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஏர் ஓட்டுகிற பையனுக்கு உன்னைவிட அதிகம் வேதம் தெரியும்படி செய்வேன் என்று ஒரு பாதிரியாரிடம் சொன்னதும், சாகும்போது ‘ஆண்டவரே, இங்கிலாந்து அரசரின் கண்ணைத் திறந்தருளும்’ என்றதும் பின்னாளில் புராட்டஸ்டண்ட் தியாகிகளின் கதைகளைத் தொகுத்த ஜான் ஃபாக்ஸ் எழுதியவை. அவர் கைப்பட எழுதிய ஒன்று வேண்டுமா, வில்வோர்ட் சிறையிலிருந்து எழுதிய லத்தீன் கடிதம் இருக்கிறது. 1535-இல் ஆண்ட்வெர்ப்பில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டவர், குளிருக்கு வெதுவெதுப்பான ஒரு குல்லாய் கேட்கிறார், சளி பிடித்து வாட்டுகிறது என்கிறார், கால் உறைக்கு ஒட்டுப்போட ஒரு துண்டுத் துணி கேட்கிறார், இருட்டில் தனியாக உட்கார முடியவில்லை, சாயங்காலத்துக்கு ஒரு விளக்கு வேண்டும் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் எபிரேய பைபிள், இலக்கணம், அகராதி. அடுத்த வருடம் அக்டோபரில் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

சரி, ‘டெய்லி’ என்ற சொல்லுக்காகவா இவ்வளவு கோபம்? இல்லை. இங்கே நம் வசனம் போதாது, வேறு மூன்று இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தேயு 3:2, மத்தேயு 16:18, 1 கொரிந்தியர் 13. யோவான் ஸ்நானகன் சொல்வது விக்லிஃப்பில் ‘பாவப்பரிகாரம் செய்யுங்கள்’, அதாவது ‘பெனன்ஸ்’. டின்டேலில் ‘மனம் திரும்புங்கள்’, ‘ரிபென்ட்’. முதலாவதற்குப் பாதிரியார் தேவை, இரண்டாவதற்குத் தேவையில்லை. பேதுருவிடம் இயேசு கட்டுவேன் என்று சொல்வது விக்லிஃப்பில் ‘சர்ச்’, டின்டேலில் ‘காங்கிரிகேஷன்’, வெறும் சபைக்கூட்டம். 1 கொரிந்தியரில் ‘சாரிட்டி’ போய் ‘லவ்’ வந்தது. பாதிரியார் என்ற இடத்தில் முதலில் ‘சீனியர்’, 1534-இல் ‘எல்டர்’. பழைய திருச்சபையின் பக்கம் நின்ற அறிஞர் தாமஸ் மோர் இதைத்தான் பிடித்துக்கொண்டு 1529-இலிருந்து பக்கம் பக்கமாகத் திட்டினார். மோர் புரியாமல் கத்தினார் என்று நினைக்காதீர்கள், என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வேகமாகப் போகும். கவர்டேல் 1535-இல் அச்சிட்டதுதான் ஆங்கிலத்தில் முதல் முழு அச்சு பைபிள். அவருக்கு எபிரேயம் போதாது, ஜெர்மனையும் லத்தீனையும் டின்டேலையும் வைத்துச் செய்தார், அதை மறைக்கவும் இல்லை. 1537-இல் ‘தாமஸ் மாத்யூ’ என்ற பெயரில் ஜான் ராஜர்ஸ் வெளியிட்டது, பெரும்பகுதி டின்டேல், அதுவும் அரசரின் அனுமதியோடு! டின்டேல் எரிந்து ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. 1539-இல் கிரேட் பைபிள், கோயில்தோறும் வைக்கச் சொன்ன பெரிய புத்தகம். மூன்றிலும் நம் வரியைத் திறந்தால் ‘டெய்லி ப்ரெட்’தான்.

ஆனால் 1543-இல் எட்டாம் ஹென்றி பின்வாங்கினார். கைவினைஞர், வேலைக்காரர், உழவர், சாதாரணப் பெண்கள் பைபிளைப் படிக்கக் கூடாது என்று சட்டம். இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1546-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆட்டிடையர், செயின்ட்பரி மலையில் ஆடு மேய்த்துக்கொண்டே, தான் வாங்கின வேறொரு புத்தகத்தில் எழுதி வைத்தார்: இடையர்கள் படிக்கக் கூடாது என்று ஏற்பாட்டுப் புத்தகத்தைத் தடுத்தபோது இதை வாங்கினேன், கடவுள் அந்தக் குருட்டுத்தனத்தைத் திருத்தட்டும். எழுத்துக்கூட்டல் தாறுமாறு, ‘அப்ரோகேட்’, அதாவது ரத்து செய்வது, என்ற சட்டச் சொல் அவர் கையில் படாதபாடு படுகிறது. சட்டத்தின் வாசகத்தைவிட இந்த ரெண்டு வரி எனக்கு அதிகம் சொன்னது.

ஜெனீவா பைபிள் 1560-இல். மேரி ராணியின் காலத்தில் ஓடிப்போனவர்கள் செய்தது, கையடக்கம், படிக்கத் தெளிவான ரோமன் எழுத்து, வசன எண், ஓரமெல்லாம் குறிப்பு. வீட்டில் வைத்துப் படிக்க வந்த புத்தகம் என்பது பார்த்தாலே தெரியும். ஆதாமும் ஏவாளும் அத்தியிலையில் ‘பிரீச்சஸ்’, அரைக்கால் சட்டை, தைத்துக்கொண்டது இதில்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் விக்லிஃப்பிலேயே அது இருக்கிறது, நீங்களே ஆதியாகமம் 3:7-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து பிஷப்புகள் சேர்ந்து செய்த 1568-இன் பிஷப்ஸ் பைபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரலாம்.

1582-இல் நின்றே ஆக வேண்டும். நாடு கடந்து வாழ்ந்த ஆங்கிலேயக் கத்தோலிக்கர்கள் பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்தில் வெளியிட்ட புதிய ஏற்பாடு, கிரிகரி மார்ட்டின் மொழிபெயர்த்தது. நம் வரியில் ‘சூப்பர்சப்ஸ்டான்ஷியல் ப்ரெட்’ என்று ஜெரோம் அப்படியே நிற்கிறார். மத்தேயு 3:2-ல் ‘பெனன்ஸ்’, 1 கொரிந்தியரில் ‘சாரிட்டி’. விக்லிஃப்பை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எலும்பைத் தோண்டி எரிக்கப்பட்ட மத விரோதியும், அவரை எரித்த திருச்சபையின் பிள்ளைகளும் அதே மூன்று இடத்தில் அதே பக்கம் நிற்கிறார்கள்! இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை, அதனால்தான். யார் எந்தக் கட்சி என்பதை மட்டும் வைத்து இந்த வரலாற்றைப் படித்தால் இது பிடிபடவே பிடிபடாது.

இன்னொரு சோதனையும் இதே பக்கத்தில் இருக்கிறது. ஜெபத்தின் முடிவில் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே’ என்று வருகிறதா பாருங்கள். எராஸ்மஸின் கிரேக்கத்தில் அது உண்டு, ஜெரோமின் லத்தீனில் கிடையாது. டின்டேல் 1534, ஜெனீவா, கிங் ஜேம்ஸில் இருக்கும், விக்லிஃப்பிலும் ரெய்ம்ஸிலும் ‘தீமையினின்று’ என்றவுடன் ஆமென். எந்தப் பழைய ஆங்கில பைபிளை எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது இந்த இடத்தைத்தான், மூலம் எதுவென்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக 1611. ஜேம்ஸ் அரசர் 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட்டில் கூட்டிய மாநாட்டில் வந்த யோசனை, சுமார் 47 அறிஞர்கள், வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் இரண்டிரண்டாக ஆறு குழு. அரசர் எழுதவில்லை. புதிதாக மொழிபெயர்க்கவும் சொல்லவில்லை, பிஷப்ஸ் பைபிளைத் திருத்தச் சொன்னார்கள். வேலையை மேற்பார்த்த பிஷப் பேன்கிராஃப்ட் கொடுத்த விதிகளில் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களை வைத்துக்கொள்ள வேண்டும், ‘சர்ச்’ என்பதை ‘காங்கிரிகேஷன்’ ஆக்கக் கூடாது என்பது. இப்போது நம் நான்கு இடங்களையும் திறந்து பாருங்கள். ‘சர்ச்’ திரும்பி வந்துவிட்டது. ‘சாரிட்டி’ திரும்பி வந்துவிட்டது. ஆனால் ‘ரிபென்ட்’ டின்டேலுடையதே, ‘டெய்லி ப்ரெட்’ டின்டேலுடையதே. எண்ணிப் பார்த்தவர்கள் அந்தப் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டின்டேலின் சொல் என்கிறார்கள். நான்கே இடத்தைப் பார்த்த உங்களுக்கே அது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது, எதை விட்டுக்கொடுத்தார்கள், எதைத் திருப்பி வாங்கினார்கள் என்பதும் சேர்த்து.

இதெல்லாம் முடிந்தபின் லூக்கா 11:3-ஐ எடுத்து, விக்லிஃப்பையும் ரெய்ம்ஸையும் மட்டும் திறந்து பாருங்கள். அதே கிரேக்கச் சொல்தான். திறப்பதற்கு முன்னால், அப்பத்துக்கு என்ன அடைமொழி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், லூக்காவில் ஜெரோம் என்ன போட்டார் என்பதை நான் மேலேயே சொல்லிவிட்டேன்.